தகர டப்பாவில் ஒரு விறகடுப்பு

பெங்களூரில் தமிழர் பலர் வாழும் பகுதிகளுள் ஸ்ரீராம்புரமும் ஒன்று. நெருக்கமான அதன் தெருக்களில் இன்று எரிவாயு அடுப்பே பெருவழக்கு. ஆயினும் சிலிண்டர் தீர்ந்த நாளில் வெந்நீர் போடவும், வெளியூர்ப் பயணத்தின் இடையே மரத்தடியில் தேநீர் காய்ச்சவும் விறகின் துணை வேண்டியிருக்கிறது. மூன்று கல்லைக் கூட்டித் தீ மூட்டினாலோ, அடுத்த வீட்டுச் சன்னல் வரை புகை செல்கிறது. இப்புகையைப் பெரிதும் குறைக்கும் சிறிய அடுப்பொன்றைப் பழைய தகர டப்பாக்களைக் கொண்டு நாமே செய்துகொள்ளலாம்.

முதற்கண் புகை என்பது யாது என்று காண்போம். விறகு சூடேறும்போது அதன் எடையில் பெரும்பகுதி எரியத்தக்க ஆவியாக வெளிப்படுகிறது, எஞ்சுவது கரி. அந்த ஆவிக்குப் போதிய வெப்பமும் காற்றும் கிடைத்தால் அது சுடராகிறது; கிடைக்காவிடில் புகையாகிறது. ஆகவே, புகை என்பது பெரும்பாலும் எரியாமற்போன விறகே. கண்ணைக் கரிப்பதோடு நில்லாமல் அது நுரையீரலையும் இதயத்தையும் தாக்குகிறது. வீட்டு அடுப்புகளின் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் உயிரிழந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

இத்துறையில் சிறந்த ஆராய்ச்சி ஸ்ரீராம்புரத்துக்குச் சில கிலோமீட்டர் வடக்கேயுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் நடந்தது. அங்கே 1974இல் அமுல்ய ரெட்டி அவர்களின் முயற்சியால், கிராமங்களுக்கு அறிவியலைப் பயன்படுத்தும் ‘ஆஸ்ட்ரா’ என்னும் பிரிவு தோன்றியது. 1980களில் அப்பிரிவு, புகைபோக்கியுடன் கூடிய ‘ஆஸ்ட்ரா ஒலெ’ என்ற மூன்று பாத்திர அடுப்பை உருவாக்கியது. ‘ஒலெ’ என்னும் கன்னடச் சொல் நம் ‘உலை’க்கு உறவுச்சொல்லே. பின்னர், 2006இல் சந்தைக்கு வந்த ‘ஊர்ஜா’ அடுப்பிலும் அக்கழகத்தாரின் பங்கு இருந்தது. விறகாவியை மேற்புறத்தில் காற்றோடு கலந்து எரிப்பது அவ்வடுப்பின் தத்துவம். அதில் காற்றைச் செலுத்த ஒரு சிறு விசிறி உண்டு. நாம் செய்யப்போகும் அடுப்பில் விசிறி இல்லை. சூடான காற்று தானே மேலெழும் இயல்பு அவ்வேலையை ஓரளவு செய்கிறது.

இதற்குத் தேவையானவை பெரியதும் சிறியதுமான இரண்டு உருளை டப்பாக்கள். சிறியதைப் பெரியதனுள் வைத்தால் சுற்றிலும் ஏறக்குறைய ஒன்றரைச் சென்டிமீட்டரும், அடியில் மூன்று சென்டிமீட்டரும் இடைவெளி இருத்தல் வேண்டும். பால்மாவு, நெய் டப்பாக்கள் ஏற்றவை. பெயிண்ட், பூச்சிமருந்து டப்பாக்களையும் துத்தநாகம் பூசிய தகட்டையும் அறவே விலக்குக. அவை சூடேறினால் நச்சாவி எழும்.

பெரிய டப்பாவின் அடியோரத்தில், சுற்றுச்சுவரில், விரல் நுழையுமளவு பன்னிரண்டு துளைகள் இடுக. அதன் மூடியின் நடுவே, சிறிய டப்பா நுழைந்து அதன் விளிம்பு மட்டும் மேலே தங்கும்படி வட்டமாக வெட்டுக. சிறிய டப்பாவின் அடித்தகட்டில் ஆணியால் இருபது துளைகளும், மேல் விளிம்புக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே சுற்றிலும் சற்றே பெரிய பதினைந்து துளைகளும் வேண்டும். துளையிடுமுன் டப்பாவில் ஈரமணலை இறுக்கி நிரப்பினால் தகரம் நசுங்காது. வெட்டிய ஓரங்கள் கையை அறுக்குமாதலால் அவற்றைக் குறட்டால் மடித்துவிடுக. மூன்றாவது டப்பாவிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உயர வளையம் ஒன்றை வெட்டி, அதன் பக்கத்தில் ஒரு வாயில் விட்டு மேலே வைத்தால் பாத்திரம் தாங்கும் பீடம் அமையும்.

முதன்முறை பாத்திரமின்றித் திறந்தவெளியில் நன்றாக எரியவிட்டுத் தகரத்தின் வண்ணப்பூச்சைப் போக்கிவிட வேண்டும். பிறகு, விரல் பருமனுள்ள உலர்ந்த சுள்ளிகளை ஒடித்து, மேல்துளைகளுக்குச் சற்றுக் கீழ்வரை நிரப்பி, மேற்புறத்தில் தீ வைக்கவும். நெருப்பு மெல்ல மெல்லக் கீழிறங்கும். இரு சுவர்களுக்கிடையே சூடேறிவரும் காற்று மேல்துளைகளின் வழியே பாய்ந்து, எழும் ஆவியை எரிக்கும். அத்துளைகளின் வாயிலேயே சுடர் தோன்றுவதைக் காணலாம். ஈர விறகு இட்டாலும், துளைகள் மறையுமாறு திணித்தாலும் மறுபடியும் புகையே வரும்.

இவ்வடுப்பு சிறு பாத்திரங்களுக்கே உரியது. கனமான பானையை வைத்தால் சாய்ந்துவிடும். சமதரையில், குழந்தைகள் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். எல்லாவற்றினும் முக்கியமானதொன்று உண்டு. புகை காணப்படாததால் தீங்கில்லை என்று எண்ணலாகாது. சுடர் அடங்கிக் கரி கனலும்போது, நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு வெளிப்படுகிறது. ஒற்றையறை வீடுகளில் மழைக்கும் குளிருக்கும் அஞ்சிக் கதவைச் சாத்தி, கனல் உள்ள அடுப்பை உள்ளே வைத்துக்கொள்வது உறக்கத்திலேயே உயிரைப் போக்கிவிடும். ஆதலால், திறந்தவெளியிலேயே அடுப்பை மூட்டி, அங்கேயே நீர் தெளித்துக் கனலை முற்றும் அணைத்து, சாம்பல் ஆறிய பின்னரே வீட்டினுள் கொண்டுவருவோமாக.