தொலைவூரிலிருந்து பழைய இருசக்கர உழவு இயந்திரம் வாங்குதல்

கண்டி மாவட்டத்தில் நெல்லும் மரக்கறியும் செய்கை பண்ணும் கமக்காரருள், மக்கள் வழக்கில் ‘லேண்ட் மாஸ்டர்’ எனப்படும் இருசக்கர உழவு இயந்திரத்தைச் சொந்தமாக வைத்திருக்க விரும்புவோர் பலர். 2022ஆம் ஆண்டில் ரூபாயின் பெறுமதி பெரிதும் வீழ்ந்தமையால் இறக்குமதியாகும் புதிய இயந்திரங்களின் விலை சிறு கமக்காரருக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றது. ஆதலால் பழைய இயந்திரங்களை நாடுதல் இயல்பே. அத்தகையவை பொலன்னறுவை, அநுராதபுரம், மகியங்கனை முதலிய பெருவயற் பகுதிகளிலேயே மிகுதியாக விற்பனைக்கு வருகின்றன. விற்பவர் தொலைவில் இருக்கிறார். வாங்குபவர் காண்பது கைத்தொலைபேசியில் வந்த நான்கு படங்களை மட்டுமே. இவ்வாறு வாங்கிய இயந்திரம் பெரும்போக உழவின் நடுவில் நின்றுவிடுமாயின், கொடுத்த பணத்தோடு அப்போகமும் கைவிட்டுப் போகும்.

முதற்கண் எண்ண வேண்டுவது, அவ்வியந்திரம் மலைநாட்டு நிலத்துக்கு ஏற்றதா என்பதேயாம். பொலன்னறுவையின் அகன்ற வயலில் திறம்பட உழைத்த இயந்திரம் கலகாவிலோ ஹத்தரலியத்தவிலோ உள்ள படிவயலில் பயன்படாது போகலாம். சுழற்கலப்பையோடு கூடிய டீசல் இயந்திரத்தின் நிறை ஏறக்குறைய 300 முதல் 500 கிலோகிராம் வரை இருக்கும். அதனை ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற்றும் வழி யாது? இரும்புச் சக்கரங்கள் ஏறி இறங்குகையில் வரம்பு தாங்குமா? வாங்கப் புறப்படுமுன் தம் வயலில் மிக ஒடுங்கிய பாத்தியின் அகலத்தையும், இயந்திரம் திரும்புவதற்கு உள்ள இடத்தையும் கயிற்றால் அளந்து குறித்துச் செல்லுதல் நன்று. மினிப்பே, ஹசலக்க முதலிய தாழ்நிலங்களில் உள்ளோருக்கு இக்கவலை குறைவு. மரக்கறித் தோட்டம் மட்டும் உடையோருக்கு நிறை குறைந்த சிறு கொத்தும் இயந்திரமே போதுமானதாகும்.

இலங்கைப் பொறியியலாளரான ரே விஜேவர்தன (1924–2010) 1950களில் இருசக்கர உழவு இயந்திரத்தை உருவாக்கிப் பரப்பியவருள் முதன்மையானவர். இயந்திரம் எருமையின் வேலையைச் செய்ததேயன்றி விளைச்சலைப் பெருக்கவில்லை என்னும் முடிவுக்குப் பிற்காலத்தில் அவரே வந்தார். எருமை எரு தரும், டீசல் கேளாது. அரை ஏக்கர் வயல் மட்டும் உடையவர், வாடகைக்கு உழுவித்தால் ஆகும் செலவை முதலிற் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். அயலவருக்கும் உழுது கொடுக்கும் எண்ணம் உள்ளவருக்கே சொந்த இயந்திரம் பெரும்பாலும் கட்டுப்படியாகும்.

வாங்குவதெனத் தீர்மானித்தபின், இயந்திரத்தை நேரிற் காணாது பணம் அனுப்புதல் ஆகாது. பழக்கமான திருத்துநர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுதல் வேண்டும். அவருடைய ஒருநாட் கூலியும் பேருந்துக் கட்டணமும் சுழல்தண்டு ஒன்றின் விலைக்கு முன் மிகச் சிறியவை. முதல் நாள் மாலையே அவ்வூர் சேர்ந்து, மறுநாள் அதிகாலையில் இயந்திரத்தைப் பார்ப்பது சிறந்தது. ஏனெனில் எஞ்சினின் உண்மை நிலை அது குளிர்ந்திருக்கும்போதே வெளிப்படும். முன்னரே இயக்கிச் சூடாக்கி வைத்த பழைய எஞ்சின் எளிதிற் கிளம்பிவிடும். எனவே இயக்குமுன் சிலிண்டரின் மேல் கையை வைத்துப் பார்த்தல் வேண்டும். சூடு இருந்தால் அது ஆறும்வரை காத்திருத்தலே தக்கது.

குளிர்ந்த எஞ்சினைக் கைப்பிடியால் மெல்லச் சுழற்றினால், அமுக்கம் உள்ள இடத்தில் அது கையை எதிர்த்துப் பின்னே தள்ள வேண்டும். தடையின்றிச் சுழலுமாயின் பிஸ்டன் வளையங்களோ வால்வுகளோ தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம். கிளம்பியவுடன் தோன்றும் சிறிது வெண்புகை விரைவில் மறைந்துவிட்டால் குற்றமில்லை. மறையாது தொடருமாயின் எரிபொருள் சரிவர எரியவில்லை, அல்லது சிலிண்டருள் நீர் இறங்குகின்றது. நீலப் புகை எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை பெரும்பாலும் காற்று வடிகட்டி அடைபட்டதாலோ டீசல் மிகுதியாகப் பாய்வதாலோ வருவது. இதனைச் சிறு செலவிற் சீர்செய்யக் கூடும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது. அவ்வியந்திரத்தை விட்டு விலகுவதே நலம். புகையை மறைக்கத் தடித்த எண்ணெய் ஊற்றி வைத்திருத்தலும் உண்டு. அரைமணி நேரம் சுமையோடு உழச் செய்தால் அம்மறைப்பு நீங்கிவிடும்.

இயந்திரம் எத்தனை ஆண்டு பழையது என்று கேட்பதைவிட எத்தனை ஏக்கர் உழுதது என்று கேட்பதே பயனுடைத்து. பெருவயற் பகுதிகளில் வாடகைக்கு ஓடிய இயந்திரம் இரண்டே ஆண்டுகளில், சொந்த வயலை மட்டும் உழுத இயந்திரம் பத்தாண்டுகளிற் படும் தேய்வை அடைந்துவிடக் கூடும். மணிக்கணக்கு காட்டும் கருவி இல்லாதவிடத்து உடலுறுப்புகளே சாட்சி. கிளச் நெம்புகோலின் ஊசித் துளைகள் வட்டம் இழந்து நீண்டிருத்தல், கைப்பிடி இறப்பர் வழவழப்பாதல், சுழற்கலப்பையின் அச்சைப் பிடித்து அசைக்கையில் ஆட்டம் காணுதல் ஆகியவை புதிய வர்ணப் பூச்சுக்கு மறையா. சக்கர அச்சின் எண்ணெய் அடைப்புகள் கிழிந்திருந்தால் சேற்றுநீர் கியர்ப்பெட்டிக்குட் புகுந்திருக்கும். கியர்ப்பெட்டியின் அடியாணியைச் சிறிது தளர்த்தி, முதலில் வழிவது எண்ணெயா நீரா என்று பார்த்தல் வேண்டும். இதற்கு இணங்காத விற்பனையாளரிடம் மேலும் பேசுவதிற் பயன் இல்லை. பின்னர், உழும்போது கியர் தானாகக் கழன்று விழுகின்றதா என்பதையும், இரு பக்கத் திசைமாற்றுக் கிளச்சுகளும் கையை விட்டவுடன் பற்றிக்கொள்கின்றனவா என்பதையும் சோதித்தல் அவசியம்.

பத்திரங்களைப் பார்ப்பதில் அவசரம் கூடாது. பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் இயந்திரத்திற் பொறித்தவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். அராவிய தடமோ மீளப் பொறித்த தடமோ காணப்படின் வாங்கலாகாது. நிதிக் கம்பனியின் குத்தகைக் கடன் நிலுவையில் இருப்பின், அது தீர்ந்ததற்கான கடிதத்தைப் பெற்ற பின்னரே விலை பேசுதல் வேண்டும். பெயர் எழுதாது கையொப்பம் மட்டும் இட்ட மாற்றுப் பத்திரத்தோடு கைமாறி வரும் இயந்திரங்கள் பல. பதிவிற் கண்ட உரிமையாளர் வேறொருவராயிருப்பின் அவரையே நேரிற் கண்டு கையொப்பம் பெறுவது நல்லது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உரிமை மாற்றத்தைத் தாமதமின்றிப் பதிவு செய்தல் வேண்டும்.

பொருள் விற்பனை பற்றி இந்நாட்டில் உள்ள சட்டம் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். வியாபாரி அல்லாத ஒருவர் விற்ற பழைய பொருளில் பின்னர் குற்றம் வெளிப்படின், வஞ்சனை இருந்தாலன்றி, அந்நட்டம் பொதுவாக வாங்கியவரையே சாரும். ஆதலால் விற்பவர் வாயாற் கூறும் உறுதிகளை, எஞ்சின் திருத்திய காலம் உட்பட, பற்றுச்சீட்டிலேயே எழுதுவித்துக் கையொப்பம் பெறுவது பயன் தரும். முற்பணம் கேட்கப்படின், இழந்தாலும் தாங்கக்கூடிய சிறு தொகைக்கு மேல் அனுப்புதல் கூடாது. மீதியை இயந்திரமும் பத்திரங்களும் கைக்கு வரும்போது, அவ்வூர் வங்கியில் வைத்து, விற்பவரின் அடையாள அட்டை இலக்கத்தைக் குறித்துக்கொண்டு செலுத்தலாம்.

வாங்கிய இயந்திரத்தை லொறியில் ஏற்றி வருதலே முறை. அக்கூலியையும் விலையோடு சேர்த்தே பேரம் பேச வேண்டும். பெட்டி பூட்டி வீதியால் ஓட்டிவர முயல்வது, மகியங்கனை வீதியின் பதினெட்டு வளைவுகளை நினைத்தாலே ஆகாத காரியம் என்பது விளங்கும்.

சமநிலத்திற் பழகியோர் மலைச்சரிவில் விபத்துக்குள்ளாகும் காரணம் ஒன்றைக் கண்டிப் பகுதிக் கமக்காரர் அறிந்திருத்தல் இன்றியமையாதது. சமதரையில் இடக் கிளச்சைப் பிடித்தால் இடச் சக்கரம் விசை இழந்து நிற்க, இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்திலோ, விசை நீங்கிய இடச் சக்கரம் சரிவின் இழுப்பால் விரைந்து உருளும்; வலச் சக்கரத்தை எஞ்சின் பிடித்து நிறுத்தும்; எனவே இயந்திரம் எதிர்ப்புறமாக, வலப்பக்கம் திரும்பிவிடும். பின்னே சுமையேற்றிய பெட்டி தள்ளுமாயின் இது மேலும் கடுமையாகும். பள்ளத்துப் பக்கம் செல்லாதிருக்கக் கிளச்சைப் பிடித்தவர் அப்பள்ளத்துக்கே இயந்திரத்தைத் திருப்புபவராகிறார். ஆகவே இறக்கத்துக்கு முன்னரே தாழ்ந்த கியருக்கு மாற்றி, கியரை விடுவிக்காது, திசைமாற்றுக் கிளச்சுகளைத் தொடாது, கைப்பிடியைத் தள்ளியே மெல்லத் திருப்புதல் வேண்டும். புதிதாக வாங்கியவர் சில நாள்கள் பெட்டியின்றிச் சமதரையிலும், பின் சிறு சரிவிலும் ஓட்டிப் பழகியபின், சுமையோடு வீதியில் இறங்கலாம்.