பக்ரேஷ்வர் வெந்நீர் ஊற்று: பக்தர்கள் நீராடும் தலத்தில் ஹீலியம் கிடைப்பது எப்படி?

கொல்கத்தா: வெந்நீர் ஊற்றில் நீராடுவதற்காக ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகருக்கும் இங்கிலாந்தின் பாத் நகருக்கும் ஆண்டுதோறும் இந்தியர்கள் பலர் செல்கின்றனர். கொல்கத்தாவிலிருந்து சாலை வழியாக 200 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில், பீர்பூம் மாவட்டத்தில், அத்தகைய ஊற்றுகள் ஒரே இடத்தில் கூட்டமாக அமைந்துள்ளன. பக்ரேஷ்வர் என்பது அந்த ஊரின் பெயர். மேற்கு வங்க மக்களுக்கு அது சைவ, சாக்தத் தலம். கொல்கத்தாவின் இயற்பியலாளர்களுக்கோ, இந்தியா வெளிநாடுகளிலிருந்து வாங்கிவரும் ஹீலியம் வாயு தரையிலிருந்து குமிழிட்டு வெளிவரும் அரிய இடம்.

வங்காளிகள் 'வ' என்பதை 'ப' என்றே ஒலிப்பர். வக்ரேஸ்வரர் என்று திருத்திப் படித்தால் தமிழ் வாசகர்களுக்குப் பெயரின் பொருள் விளங்கிவிடும். உடல் எட்டு இடங்களில் கோணியிருந்த அஷ்டாவக்ர முனிவர் தவம் செய்த இடம் இது என்பது தல வரலாறு. சதி தேவியின் புருவங்களுக்கு இடைப்பட்ட பகுதி விழுந்த இடம் என்பதால் சக்தி பீடமாகவும் போற்றப்படுகிறது. சிவன் கோயிலுக்கு அருகே மகிஷமர்த்தினி சன்னிதியும், சுற்றிலும் சிறு சிறு சிவாலயங்களும் உள்ளன. இவற்றுக்கு நடுவே சுவர் எழுப்பிய தொட்டிகளில் நீர் ஆவி பறக்கக் கொதிப்பதுபோல் காட்சியளிக்கிறது.

அக்னி குண்டம், பைரவ குண்டம், கார குண்டம், சூரிய குண்டம், தூத் குண்டம், பிரம்ம குண்டம், அமிர்த குண்டம் என ஊற்றுகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. அதிகாலையில் நீர் பால்போல் வெளிறித் தெரிவதால் ஒன்றுக்குத் தூத் குண்டம் என்று பெயர். எல்லா ஊற்றுகளிலும் வெப்பம் ஒரே அளவில் இல்லை. அக்னி குண்டத்தின் வெப்பம் 65 டிகிரி செல்சியஸுக்கும் அதிகம். சில குண்டங்களின் நீர் குளிப்பதற்கு ஏற்ற இளஞ்சூட்டில் உள்ளது. நெருப்பின் பெயர் தாங்கிய குண்டம் நீராடுவதற்கானது அன்று. அந்தப் பெயரை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

எரிமலை இல்லாத ஊரில் கொதிநீர்

பீர்பூம் பகுதியில் உயிருள்ள எரிமலை எதுவும் இல்லை. ஆயினும் நீர் சூடாவதற்குக் காரணம் ஆழம். சோட்டா நாக்பூர் பீடபூமியின் கிழக்கு விளிம்பில் இந்த ஊர் அமைந்துள்ளது. இங்குள்ள தொன்மையான கருங்கல் அடுக்குகளின் பிளவுகள் வழியே மழைநீர் மிக ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் வெப்பம் பொதுவாக 25 முதல் 30 டிகிரி வரை உயரும். அந்த வெப்பத்தை ஏற்ற நீர், பாறைப் பிளவு ஒன்றின் வழியே விரைவாக மேலேறினால் ஆறுவதற்குள் தரையை எட்டிவிடும். வரும் வழியில் பாறையிலுள்ள சோடியம், குளோரைடு, சிலிக்கா போன்றவற்றையும் கரைத்துக்கொண்டு வரும். கந்தக வாடையும் அவ்வாறு வருவதே.

அந்தப் பாறை எத்தகையது என்பதைக் காண விரும்புவோர் அருகிலுள்ள துப்ராஜ்பூரில் இறங்கலாம். அங்கு ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் உருண்டைக் கருங்கற்களை வங்காளிகள் 'மாமா பாக்னே' குன்று என்கின்றனர். தாய்மாமனும் மருமகனும் என்பது அதன் பொருள்.

குமிழிகளுக்குள் இருந்தது என்ன?

குண்டங்களை உற்று நோக்கினால் அடியிலிருந்து குமிழிகள் இடைவிடாமல் எழுவதைக் காணலாம். நீர் கொதிப்பதால் எழும் குமிழிகள் அல்ல அவை. 65 டிகிரியில் நீர் கொதிக்காது. பாறையிலிருந்து நீரோடு வரும் வாயுக்களே குமிழிகளாகப் பிரிகின்றன. அவற்றில் பெரும்பகுதி நைட்ரஜன். 1950களில் இயற்பியலாளர் சத்யேந்திரநாத் போஸும் சியாமதாஸ் சட்டர்ஜியும் அந்த வாயுவை ஆராய்ந்தபோது, அதில் ஹீலியம் இருப்பது தெரியவந்தது. ஐன்ஸ்டீனுடன் இணைத்துப் பேசப்படும் 'போஸ்-ஐன்ஸ்டீன் புள்ளியியல்' மூலம் உலகப் புகழ் பெற்ற அதே போஸ்தான் இவர்.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஹீலியத்தின் பங்கு 10 லட்சத்தில் சுமார் 5 பகுதி மட்டுமே. பக்ரேஷ்வர் குமிழிகளில் அது ஒரு சதவீதத்துக்கும் அதிகம். அதாவது காற்றில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 2,000 மடங்கு.

இந்த ஹீலியம் கருங்கல்லுக்குள் பிறப்பது. பாறையில் நுண்ணிய அளவில் கலந்துள்ள யுரேனியமும் தோரியமும் கதிரியக்கத்தால் மெல்லச் சிதைகின்றன. அப்போது வெளிப்படும் ஆல்ஃபா துகள் என்பது ஹீலியம் அணுவின் கருவே. ஒரு யுரேனியம்-238 அணு இறுதியில் ஈயமாக மாறுவதற்குள் 8 ஆல்ஃபா துகள்களை வெளியிடுகிறது. பல கோடி ஆண்டுகளாகப் பாறைக்குள் சேர்ந்த வாயு, வெந்நீர் ஏறும் அதே பிளவு வழியே மேலே வருகிறது.

இதில் தென்னிந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைப் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் குண்டூரிலிருந்தும், சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்தும் ஆராய்ந்தனர். அன்று சூரிய ஒளியில் தென்பட்ட மஞ்சள் கோடுதான் பின்னர் ஹீலியம் என்ற புதிய தனிமத்தின் அடையாளமாக உறுதியானது. சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. பக்ரேஷ்வரில் சூரிய குண்டம் என்று பெயரிட்டவர்கள் இதை அறிந்திருக்க வாய்ப்பில்லை, பொருத்தம் தற்செயலானது.

கொல்கத்தாவின் தேவை

கொல்கத்தா விதான்நகரில் உள்ள மாறும் ஆற்றல் சைக்ளோட்ரான் மையம் அணுசக்தித் துறையின் கீழ் இயங்குகிறது. அங்குள்ள மீக்கடத்து சைக்ளோட்ரானின் காந்தச் சுருள்கள் செயல்பட, அவற்றைத் திரவ ஹீலியத்தால் மைனஸ் 269 டிகிரி அளவுக்குக் குளிர்விக்க வேண்டும். மருத்துவமனைகளில் உள்ள எம்ஆர்ஐ கருவிகளின் காந்தங்களுக்கும் அதே ஹீலியம்தான் தேவை. இந்தியா தனது ஹீலியம் தேவைக்கு இறக்குமதியையே நம்பியுள்ளது. ஆகவே, அந்த மையமும் சாகா அணு இயற்பியல் நிறுவனமும் பக்ரேஷ்வரில் ஆய்வகம் அமைத்து, குண்டங்களிலிருந்து எழும் வாயுவைச் சேகரித்துத் தூய்மைப்படுத்தும் முறைகளை உருவாக்கின.

எனினும், ஊற்றிலிருந்து வெளிவரும் வாயுவின் மொத்த அளவு குறைவு. நாட்டின் தேவையை ஈடுசெய்யும் சுரங்கமாக இதைக் கருத இயலாது. ஆய்வாளர்கள் இங்கு வேறொன்றையும் கவனித்து வருகின்றனர். நிலநடுக்கங்களுக்கு முன் ஹீலியம், ரேடான் வாயுக்களின் அளவில் மாற்றம் தோன்றுகிறதா என்பதே அது. சில நிகழ்வுகளில் மாற்றம் பதிவானதாக ஆய்வுக் கட்டுரைகள் கூறினாலும், நிலநடுக்கத்தை முன்கூட்டியே அறிவிக்கும் நம்பகமான முறையாக உலகில் எங்கும் அது நிலைபெறவில்லை.

பாத் நகரம் கற்ற பாடம்

பக்ரேஷ்வரோடு ஒப்பிடத் தக்க ஐரோப்பிய நகரம் பாத். ரோமானியர் கட்டிய குளியல் மாளிகையால் பெயர் பெற்ற அந்நகரில், நாளொன்றுக்கு 11 லட்சம் லிட்டருக்கும் அதிகமான நீர் சுமார் 46 டிகிரி வெப்பத்தில் ஊறுகிறது. அங்கும் எரிமலை இல்லை. ஆழத்துக்கு இறங்கி மீண்ட மழைநீரே. அந்த ஊற்றின் வாயுவிலும் ஹீலியம் இருப்பதை 1890களிலேயே ரேலி பிரபு கண்டறிந்தார்.

ஆனால், இன்று பாத் செல்லும் பயணி ரோமானியர் கட்டிய பெருங்குளத்தைப் பார்க்கலாமே தவிர, அதில் இறங்க முடியாது. 1978-ல் அந்நகரின் வெந்நீர்க் குளம் ஒன்றில் நீந்திய சிறுமி, நெக்லேரியா ஃபவ்லேரி என்ற அமீபா மூளையைத் தாக்கியதால் உயிரிழந்தார். அதன்பின் ஊற்று நீரில் பொதுமக்கள் குளிப்பது நிறுத்தப்பட்டது. ஆழ்துளைக் குழாய் வழியே புதிதாக நீர் எடுத்து, சுத்திகரித்துப் பயன்படுத்தும் நவீன குளியலகம் 2006-ல்தான் அங்கு திறக்கப்பட்டது. இடையில் கழிந்தவை ஏறத்தாழ 28 ஆண்டுகள்.

கேரளத்தில் அண்மைய ஆண்டுகளில் பதிவான மூளைத் தொற்றுகளால் இந்த அமீபாவின் பெயர் தமிழ்நாட்டிலும் அறிமுகமாகிவிட்டது. வெதுவெதுப்பான நன்னீரில் வளரும் இது சுமார் 46 டிகிரி வரையிலான வெப்பத்தையும் தாங்கும். 65 டிகிரி ஊற்றில் பிழைப்பது அரிது. ஆனால், அதே நீரைக் குளிப்பதற்கு ஏற்ப ஆறவிட்டுத் தேக்கும் குளத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை. நீரைக் குடிப்பதால் இத்தொற்று வருவதில்லை; மூக்கின் வழியே நீர் உட்புகுவதே ஆபத்து. எனவே எந்த வெந்நீர் ஊற்றிலும் தலையை மூழ்கடிக்காமல் குளிப்பது நல்லது. ஏழு கிணறுகள் கொண்ட இலங்கையின் கன்னியா வெந்நீர் ஊற்றில், திருகோணமலைக்குச் செல்வோர் வாளியால் முகந்து உடலில் ஊற்றிக்கொள்கின்றனர். இந்த வகையில் அது பாதுகாப்பான வழக்கம்.

நீராடச் செல்வோர் அறிய வேண்டியவை

பக்ரேஷ்வரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே குளியல் தொட்டிகள் உள்ளன. வெப்பம் மிகுந்த குண்டங்களின் அருகே குழந்தைகளைத் தனியே விடக்கூடாது. 60 டிகிரி நீர் சில நொடிகளிலேயே தோலை ஆழமாகச் சுட்டுவிடும். நீரிழிவால் பாத உணர்ச்சி குன்றியவர்கள் மேலும் கவனமாக இருக்க வேண்டும். மூட்டுவலிக்காக இங்கு வரும் முதியோரில் பலர் நீரிழிவு நோயாளிகளாகவும் இருக்கக்கூடும். சூட்டை உணராத பாதம் கொப்பளித்த பின்னரே அவர்களுக்குத் தெரியவரும். காலை இறக்கும் முன் உடன் வந்தவர் கையால் நீரைத் தொட்டுப் பார்ப்பது அவசியம். இதய நோய், ரத்த அழுத்தக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரின் ஆலோசனையின்றி இறங்கக்கூடாது.

வெந்நீர்க் குளியல் தசைகளைத் தளர்த்தி மூட்டுவலியைத் தற்காலிகமாகக் குறைக்கும். தீராத நோய்களை இந்த நீர் தீர்க்கும் என்பது நம்பிக்கை சார்ந்தது. மருந்தை நிறுத்திவிட்டு ஊற்றை நம்புவதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை.

ஹவுராவிலிருந்து மாவட்டத் தலைநகரான சியூரிக்கு ரயில் வசதி உண்டு. அங்கிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவைப் பேருந்திலோ வாடகை வாகனத்திலோ கடக்கலாம். சாந்திநிகேதனுக்குச் செல்வோர் போல்பூரிலிருந்தும் வரலாம். வழி கேட்கும்போது 'பக்ரேஷ்வர் தெர்மல்' என்று கேட்டால் வேறிடத்துக்கு அனுப்பிவிடுவர். அது 1,050 மெகாவாட் திறனுள்ள நிலக்கரி மின்நிலையம். ஊற்றின் வெப்பத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்காலமே நீராட ஏற்றது. மகா சிவராத்திரியின்போது திருவிழா நடைபெறுவதால் கூட்டம் மிகும். குண்டங்களை அமைதியாகப் பார்க்க விரும்புவோர் அந்த நாட்களைத் தவிர்க்கலாம்.