ஆபிரிக்கா போகும் பிள்ளையின் உடுப்புப் பெட்டி

எமது பிள்ளைகள் சிலர் படிப்பு முடிந்ததும் ஓராண்டு, ஈராண்டுத் தொண்டுப் பணிக்காக உகண்டா, சாம்பியா போன்ற நாடுகளுக்குப் போகிறார்கள். பெட்டி அடுக்கும்போது நாம் வெயிலை நினைக்கிறோம், ஈக்களை நினைப்பதில்லை.

தூக்க நோயைப் பரப்பும் செற்சி ஈயைக் கடும் நீலமும் கறுப்பும் ஈர்க்கும். மெல்லிய துணிக்கு மேலாலும் அது கடிக்கும். ஆகவே நீல ஜீன்ஸை வீட்டில் விட்டுவிட்டு, மண்ணிறத்தில் சற்றுத் தடித்த நீளக்கைச் சட்டைகளையும் நீளக் காற்சட்டைகளையும் வைப்போம்.

வெளியே காயும் ஈர உடுப்பில் இன்னொரு ஈ முட்டையிடும். அதிலிருந்து வரும் புழு தோலுக்குள் புகுந்து கட்டியாகும். நன்றாகச் சூடேறிய ஸ்திரிக்கைப் பெட்டியால் மினுக்கினால் முட்டை சாகும். உள்ளாடைகளையும் மினுக்கவேண்டும். எனவே சூட்டில் உருகும் நைலோன் வேண்டாம், பருத்தியே நல்லது.

மினுக்கத் தெரியாத பிள்ளைக்கு இப்போதே பழக்கிவிடுவோம்.