கடப்படியில் ஸலாம் சொல்லாத விருந்தாளி

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என நீளும் நம் கரையோர ஊர்களில் அயலார் வீட்டிற்குச் செல்பவர், கதவு திறந்தே கிடப்பினும், வாசலில் நின்று ஸலாம் உரைத்துப் பதில் வரும்வரை காத்திருப்பது வழக்கம். மூன்று முறை அனுமதி கேட்டும் விடை கிடைக்காவிடின் திரும்பிச் சென்றுவிட வேண்டும் என்பது மார்க்கம் கற்பித்த ஒழுக்கம். வீட்டின் அந்தரங்கம் அத்துணை பெறுமதி வாய்ந்தது. ஆயின் இன்று, அதே வீட்டின் முன்னறை மேசையில் இருக்கும் கணினியின் வழியே, ஸலாமும் சொல்லாது அனுமதியும் கேளாது ஒருவன் உட்புகுந்து விடுகின்றான். உளவு மென்பொருள் என்பது அவன் பெயர்.

நம் பகுதியில் எத்தனையோ குடும்பத் தலைவர்கள் கட்டாரிலும் சவூதி அரேபியாவிலும் உழைக்கின்றனர். பிள்ளைகள் வாப்பாவின் முகத்தைக் காண்பது திரையில்தான். வங்கிக் கணக்கைப் பார்ப்பதும், கடவுச்சீட்டின் பிரதியை அனுப்புவதும், பரீட்சைக்குப் பாடங் கற்பதும் அதே கருவியில்தான். முன்னாளில் பணப்பெட்டியிலும் கடிதக் கட்டிலும் புகைப்பட ஏட்டிலும் பிரித்து வைத்தவற்றை இன்று ஒரே இடத்தில் வைத்திருக்கிறோம். ஆகவே அதன் காவலும் பலமாயிருத்தல் வேண்டும்.

ஒற்றன் செய்யும் வேலை

உளவு மென்பொருளுள் சில, நாம் விசைப்பலகையில் தட்டும் எழுத்துக்களை ஒன்றுவிடாது குறித்துக்கொள்ளும். கடவுச்சொல்லும் அதில் அடங்கும். வேறு சில திரையைப் படம்பிடிக்கும். ஒளிப்படக் கருவியையும் ஒலிவாங்கியையும் நாம் அறியாமலே இயக்கும். சேகரித்தவற்றை இணையத்தின் வழியே தன் எசமானனுக்கு அனுப்பிவைக்கும். கணினியோ வழக்கம்போல் இயங்கிக்கொண்டிருப்பதால் வீட்டார்க்கு ஐயம் எழுவதில்லை.

இவ்வொற்றனைப் பெரும்பாலும் நாமே அழைத்து வருகிறோம். இலவச விளையாட்டு, முன்பின் அறியாதார் அனுப்பிய மின்னஞ்சல் இணைப்பு, விலையுயர்ந்த மென்பொருளின் பூட்டை உடைத்த பிரதி ஆகியவற்றுடன் அவன் வருவான். பூட்டுடைத்த பிரதிகளுட் பல, தம்மை நிறுவுமுன் வைரஸ் தடுப்பை நிறுத்திவிடும்படி கேட்பதுண்டு. காவற்காரனை வெளியே அனுப்பு என்று கேட்பவனை எவரேனும் வீட்டினுள் விடுவரோ?

காசு கொடுத்து வாங்கியது என்பதற்காகவும் ஏமாந்துவிடலாகாது. 2005ஆம் ஆண்டில் சோனி பிஎம்ஜி என்னும் பெரும் இசை நிறுவனம், பாடல்களைப் பிரதி எடுப்பதைத் தடுக்கும் நோக்குடன், சுமார் 50 வகை இசைத்தட்டுகளில் ஒரு மென்பொருளைப் பதித்து விற்றது. தட்டைக் கணினியில் இட்டதும் அது தன்னை நிறுவிக்கொண்டு, தான் இருப்பதையே மறைத்துக்கொண்டது. மார்க் ருசினோவிச் என்ற நிபுணர் அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி இதனை வெளிப்படுத்தினார். அதன்பின் நிறுவனம் தட்டுகளை மீளப்பெற நேர்ந்தது.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பித்து வருதல். விண்டோஸ் 10க்கு வழங்கப்பட்ட வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14உடன் முடிவுற்றன. அதனை இன்னும் பாவிப்போர் இதனைக் கருத்திற்கொள்க. இரண்டாவது, மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வெவ்வேறு கடவுச்சொற்களை வைத்து, தொலைபேசிக்கு வரும் இலக்கத்தையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை ஏற்படுத்துதல். மூன்றாவது, பிள்ளைகளின் அன்றாட வேலைக்கு, புதிய மென்பொருளை நிறுவும் அதிகாரமற்ற தனிக்கணக்கைத் திறந்து கொடுத்தல். ஒளிப்படக் கருவியைப் பாவியாத வேளையில் ஒரு சிறு துண்டுக் காகிதத்தால் மூடிவைப்பதும் நன்று.

நான்காவது, முக்கியமானவற்றின் பிரதியைக் கணினியோடு இணைக்காத தனிச் சேமிப்பகத்தில் வைத்தல். 2023ஆம் ஆண்டில் இலங்கை அரசின் மேகக்கணிமையைக் கப்பம் கோரும் மென்பொருளொன்று தாக்கியபோது, சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் அழிந்தன. அக்காலத்திற்குரிய மாற்றுப் பிரதி இருக்கவில்லை. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையில் பத்திரங்களையும் படங்களையும் பறிகொடுத்த நம் ஊர்களுக்கு இப்படிப்பினையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஒற்றன் புகுந்துவிட்டான் என்று ஐயுற்றால் இணையத் தொடர்பை உடனே துண்டித்து, வேறொரு நம்பகமான கணினியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுதல் வேண்டும். 2006இல் நிறுவப்பட்ட ஸ்ரீலங்கா சேர்ட் என்னும் அரச அமைப்பிடமும் ஆலோசனை கேட்கலாம்.

வீட்டினுள்ளே ஒற்றன் வேண்டாம்

இன்னுமொன்று சொல்ல வேண்டியுள்ளது. தொலைவிலிருக்கும் கணவன் மனைவியையும், தமையன் தங்கையையும், பெற்றோர் பிள்ளைகளையும் மறைவாய்க் கண்காணிக்கவென்றே மென்பொருள்கள் விற்பனையாகின்றன. அன்பினாற் செய்கிறோம் என்று சிலர் எண்ணலாம். ஐக்கிய அமெரிக்காவின் ஸ்பைபோன் என்ற நிறுவனம் கைத்தொலைபேசிகளுக்கு இத்தகைய ஒன்றை விற்றது. 2018இல் ஓர் ஊடுருவி அதன் களஞ்சியத்திற் புகுந்து சுமார் 2,200 பேரின் விபரங்களைக் கவர்ந்தான். 2021இல் அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு, அந்நிறுவனம் கண்காணிப்புத் தொழில் செய்வதையே தடைசெய்தது. தம் வீட்டாரைப் பார்க்க வைத்த துவாரத்தின் வழியே அந்நியனும் பார்த்தான்.

அனுமதியின்றிப் பிறர் கணினியை அணுகுவது நம் நாட்டின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படியும் குற்றமாகும். ஒருவர் குறையை மற்றவர் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயம் விலக்கியுள்ளதையும் நாம் அறிவோம். பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு அவசியமே. அதனை அவர்களிடம் சொல்லி, காரணத்தை விளக்கி, கணினியை எல்லோரும் நடமாடும் முன்னறையில் வைத்து நடைமுறைப்படுத்துவோம். மிரட்டல் செய்தியொன்று வந்தால் அஞ்சி மறைக்காமல், "உம்மா, இதைப் பாருங்கள்" என்று ஓடிவரும் பிள்ளையை எந்த மென்பொருளாலும் உண்டாக்கித் தர முடியாது. வீட்டில் நிலவும் நம்பிக்கையே அப்பிள்ளையை உருவாக்கும்.