பங்கு விலை அட்டவணையை வாசிப்பது எப்படி?

பத்திரிகை வீட்டுக்கு வந்ததும் தலைப்புச் செய்திகளைப் பெரியவர்கள் பார்ப்பார்கள்; விளையாட்டுப் பக்கத்தை இளைஞர்கள் பறித்துக்கொள்வார்கள். எறும்புகள் ஊர்வதுபோல எண்கள் நிறைந்திருக்கும் பங்கு விலை அட்டவணையை மட்டும் எவரும் தேடுவதில்லை. வடையின் எண்ணெயை ஒற்றுவதற்கே அது பயன்படுகிறது. எமது வீட்டிலும் நெடுங்காலம் அவ்வாறே இருந்தது. அந்த அலட்சியத்துக்கு ஒரு விலை கொடுத்த பின்னரே நாம் அதனை வாசிக்கக் கற்றோம். கற்றதை வாசகர்களுக்கும் சொல்லி வைப்பது நன்றென்று தோன்றுகிறது.

ஒரு கம்பனியின் உரிமையைப் பல சம கூறுகளாகப் பிரித்தால், ஒவ்வொரு கூறும் ஒரு பங்கு ஆகும். பங்கை வைத்திருப்பவர் அக்கம்பனியின் உரிமையாளருள் ஒருவர். கம்பனி தன் இலாபத்திலிருந்து அவருக்குப் பகிர்ந்தளிப்பது பங்கிலாபம். இவ்வியாபாரம் எமது நாட்டுக்குப் புதியதன்று. தேயிலைத் தோட்டக் கம்பனிகள் முதல் திரட்டிய காலத்திலேயே, 1896ஆம் ஆண்டில், கொழும்பில் பங்குத் தரகர் சங்கம் தோன்றிவிட்டது. இன்றுள்ள கொழும்புப் பங்குச் சந்தை 1985இல் அமைக்கப்பட்டது.

இனி அட்டவணைக்கு வருவோம். இடமிருந்து வலமாகச் செல்வது நிரை, மேலிருந்து கீழாகச் செல்வது நிரல் என்பதை மாணவர்கள் கணித பாடத்தில் கற்றிருப்பார்கள். ஒவ்வொரு நிரையும் ஒரு கம்பனியின் அன்றைய கதை. கற்பனைக் கம்பனி ஒன்றின் நிரையை எடுத்துக்கொள்வோம்: முன்னைய நாள் முடிவு விலை 50.00, அன்றைய அதிகூடிய விலை 54.00; அதிகுறைந்த விலை 49.50, முடிவு விலை 53.00, மாற்றம் 3.00 ஏற்றம், கைமாறிய பங்குகள் 40, அவற்றின் மொத்தப் பெறுமதி 2,080 ரூபா.

புதிதாக வாசிப்பவரின் கண் எங்கே செல்லும்? மூன்று ரூபா ஏற்றத்தின்மீதே செல்லும். ஒரே நாளில் நூற்றுக்கு ஆறு வீதம் அன்றோ! ஆனால் அந்த ஏற்றத்தை உண்டாக்கியது வெறும் 2,080 ரூபா வியாபாரம் என்பதை அடுத்த நிரல்கள் மெல்லச் சொல்கின்றன. பாசையூர்ச் சந்தையில் மீனைக் கூறி விற்கும்போது, விருந்தாளி வந்த அவசரத்தில் ஒருவர் ஒரு மீனை அதிக விலைக்கு எடுக்கலாம். அதற்காக அன்று கரைக்கு வந்த மீனெல்லாம் அந்த விலைக்குப் போகும் என்று எவரும் எண்ணுவாரா?

நாம் எண்ணினோம். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, சிறிய கம்பனி ஒன்றின் 4,000 பங்குகளை 30 ரூபா வீதம் வாங்கியிருந்தோம். மகளின் படிப்புக்கு 1,50,000 ரூபா கட்டவேண்டிய வேளையில் அட்டவணையைப் பார்த்தோம். விலை 41 ரூபா! பெருக்கிப் பார்த்ததில் 1,64,000 வந்தது. கவலை தீர்ந்தது என்று தரகரிடம் சென்றோம்.

அவர் சற்றுநேரம் எமது முகத்தைப் பார்த்தார். “ஐயா, விலையைப் பார்த்தீர்கள். நேற்று எத்தனை பங்குகள் விலைப்பட்டன என்று பார்த்தீர்களா?” என்றார். பார்க்கவில்லை. கைமாறியவை 15 பங்குகளே. 41 ரூபாவுக்கு வாங்க இருந்தவர் கேட்டதும் 100 பங்குகளைத்தான். எஞ்சியவற்றை விற்கும்போது விலை இறங்கிக்கொண்டே வந்தது. முடிவில் கைக்கு வந்தது ஏறத்தாழ 1,32,000 ரூபா. கணக்குப்படி எமக்கு நட்டமில்லை. ஆயினும் குறைந்த 18,000 ரூபாவுக்காக இல்லாளின் காப்பு அடைவு போயிற்று. அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எமக்குப் பெரிய பாடமாயிற்று.

ஆகவே விலையைப் பார்க்குமுன் கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையைப் பார்க்கவேண்டும். அட்டவணை காட்டுவது பிறர் செய்து முடித்த பேரத்தை. அதே விலை நமக்கும் கிடைக்கும் என்ற உறுதியை அன்று.

வேறு சில இடங்களிலும் கால் வழுக்கும். 8 ரூபாப் பங்கு மலிவு, 800 ரூபாப் பங்கு விலை கூடியது என்று எண்ணுவது தவறு. முன்னது ஆண்டுக்கு ஒரு பங்குக்கு 20 சதம் உழைக்கிறது, பின்னது 100 ரூபா உழைக்கிறது என வைத்துக்கொள்வோம். முன்னதன் விலை உழைப்பைப்போல் நாற்பது மடங்கு. பின்னதன் விலை எட்டு மடங்கே. இவற்றுள் எது மலிவு?

ஒரே கம்பனியின் பெயர் இருமுறை வந்தால் அச்சுப்பிழை என்று கருதவேண்டாம். கொமர்ஷல் வங்கி, ஹற்றன் நஷனல் வங்கி போன்றவை இருவகைப் பங்குகளை வெளியிட்டுள்ளன. குறியீட்டில் ‘என்’ என்ற எழுத்து வந்தால் வாக்குரிமை உள்ள பங்கு. ‘எக்ஸ்’ வந்தால் வாக்குரிமை அற்றது.

விலை ஒரே நாளில் பாதியாகிவிட்டதா? பதறி விற்குமுன் காரணத்தை விசாரியுங்கள். ஒரு பங்கை இரண்டாகப் பிரித்திருந்தால் விலை பாதியாகும். கையில் உள்ள பங்குகளோ இரட்டிக்கும். பங்கிலாபம் பெறும் தகுதிநாள் கடந்ததும் விலை சிறிது இறங்குவதும் இயல்பே.

அட்டவணையின் தலையில் நிற்கும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், 1985ஆம் ஆண்டின் நிலையை 100 எனக் கொண்டு கணிக்கப்படுவது. பெரிய கம்பனிகளின் அசைவே அதனை மிகுதியாக அசைக்கும். 2022 ஜனவரியில் 13,000ஐத் தாண்டியிருந்த அச்சுட்டெண், நாடு பொருளாதார நெருக்கடியில் தவித்த அவ்வாண்டு ஏப்ரல் முடிவில் 8,000க்கும் கீழே இறங்கிற்று. இடையில் சந்தையே ஒரு வாரம் மூடப்பட்டிருந்தது. பிள்ளைகளின் படிப்புக்கும் கலியாணத்துக்கும் நாள் குறித்து வைத்த பணத்தைச் சந்தையில் இடலாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. ஒரு சதமும் போடாமல், ஒரு கம்பனியைத் தெரிந்தெடுத்து, சந்தை நடக்கும் நாள்களில் அதன் முடிவு விலையையும் கைமாறிய பங்குகளின் தொகையையும் அப்பியாசக் கொப்பியில் ஒரு மாதம் எழுதி வாருங்கள். விலை ஏறிய நாளில் எத்தனை பேர் உண்மையாகவே வாங்கினார்கள் என்று உங்களையே கேளுங்கள். மாத முடிவில் அந்த எண்கள் உங்களுடன் பேசத் தொடங்கும். வாசித்து முடித்த பின்னர், தாராளமாக அந்தப் பக்கத்தில் வடையை வைக்கலாம்!