தொலைதூரத் துயரமும் நம் சங்கங்களின் கடமையும்

எங்கோ ஒரு நாட்டில் பெருவெள்ளம் வந்தது, மலை சரிந்தது என்னும் செய்தி எட்டியவுடன், நம் அங்கத்தினர்களின் உள்ளத்தில் எழும் முதற் கேள்வி, "நாம் எதை அனுப்பலாம்?" என்பதாகும். இரக்கமுள்ள நெஞ்சுக்கு இது இயல்பே. ஆயினும், கூட்டுறவாளராகிய நாம் அதற்கு முன்னரே கேட்க வேண்டிய மற்றொரு கேள்வி உண்டு. "அவர்கள் இழந்தது எது?" என்பதே அது. இதற்கு விடை தெரிந்தாலன்றி, நாம் அனுப்பும் பொருள் அவர்களுக்கு உதவியாகுமா, சுமையாகுமா என்று சொல்ல இயலாது. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கேரளத்திலும் குடகிலும் நேர்ந்ததை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம். சேர்வராயன் மலையில் காப்பியும் மிளகும் பயிரிடுவோருக்கும், அடிவாரத்துச் சேலம் வட்டாரத்தில் தறி நடத்துவோருக்கும் அந்நிகழ்ச்சி நல்ல பாடமாக உள்ளது.

ஒரே மழை, இரு தொழில்

அவ்வாண்டு ஜூன் முதல் தேதியிலிருந்து ஆகஸ்டு 19 வரை கேரளத்தில் பெய்த மழை, வழக்கத்தைவிட 42 சதவீதம் மிகுதி. 26 ஆண்டுகளாகத் திறக்கப்படாதிருந்த இடுக்கி அணையின் மதகு ஆகஸ்டு 9-ஆம் தேதி திறக்கப்பட்டது. பெரியாறு கரைபுரண்டது. 400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1924-ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின் அந்நாடு அத்தகைய வெள்ளத்தைக் கண்டதில்லை.

எர்ணாகுளம் மாவட்டத்தில் பறவூருக்கு அருகே சேந்தமங்கலம் என்றொரு நெசவூர் உண்டு. (நாமக்கல்லை அடுத்த நம் சேந்தமங்கலம் வேறு.) அவ்வூர் நெசவாளர்கள் கூட்டுறவுச் சங்கங்களின் கீழ் மெல்லிய பருத்தி வேட்டியும், கரையிட்ட முண்டும், சேலையும் நெய்பவர்கள். ஓணப் பண்டிகையே அவர்களுடைய பெரும் விற்பனைக் காலம். அவ்வாண்டுத் திருவோணம் ஆகஸ்டு 25-ஆம் தேதி. ஆகவே, வெள்ளம் புகுந்த நாளில் பல மாத உழைப்பு துணியாக மடிக்கப்பட்டு, சங்கக் கிடங்குகளில் விற்பனைக்குக் காத்திருந்தது. அத்துணி சேற்றில் ஊறியது. தறிகளும் மூழ்கின.

தறி மூழ்குவது என்றால் என்ன என்பதை நம் நெசவாளர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மரம் ஊறிக் கோணுகிறது, அச்சு துருவேறுகிறது, விழுது மக்குகிறது, கஞ்சியேற்றிய பாவில் பூஞ்சணம் பிடிக்கிறது. நீர் வடிந்த பின் வீடு நிற்கலாம், ஆனால் தொழில் நிற்பதில்லை.

அதே நாட்களில் குடகில் மலைச்சரிவுகள் பெயர்ந்தன. இந்தியாவிலேயே மிகுதியாகக் காப்பி விளையும் மாவட்டம் அது. மடிக்கேரி வட்டத்தில் காப்பிச் செடியும், நிழல் மரமும், மிளகுக் கொடியும் மண்ணோடு சேர்ந்து பள்ளத்தில் இறங்கின. புதிதாக நட்ட காப்பி முதற் பலன் தர மூன்று நான்கு ஆண்டுகள் செல்லும். மேல்மண்ணே போய்விட்ட இடத்தில் அவ்வளவு காலத்திலும் மீட்பு இல்லை. ஆக, நெசவாளி இழந்தது விற்பனைக் காலமும் கருவியும். விவசாயி இழந்தது நிலமும் வரப்போகும் ஆண்டுகளும்.

இரக்கம் சுமையான வரலாறு

இவ்விழப்புக்கு மூட்டை மூட்டையாகப் பழந்துணி அனுப்புவது மருந்தாகுமா? 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையைத் தாக்கிய பின், நாடெங்கிலுமிருந்து வந்த பழந்துணிகள் பிரிப்பாரும் உடுப்பாருமின்றித் தெருவோரங்களில் குவிந்து கிடந்தன. அவற்றை அகற்றுவதே ஒரு தனி வேலையாயிற்று. அனுப்பியவர்களின் அன்பில் குறையில்லை. கேளாமல் அனுப்பியதே குறை. முதல் வாரங்களில் அரிசி, குடிநீர், மருந்து, போர்வை ஆகியவை இன்றியமையாதவை. அவற்றையும் அரசாங்க அதிகாரிகள் அறிவிக்கும் பட்டியலைப் பார்த்தே அனுப்புதல் வேண்டும்.

சேற்றில் பிறந்த குழந்தை

சேந்தமங்கலத்தில் சேறு படிந்த துணியை எரித்துவிடலாம் என்று கருதப்பட்ட வேளையில், லக்ஷ்மி மேனன், கோபிநாத் பாறயில் என்னும் இருவர் வேறொரு வழி கண்டனர். அத்துணியைக் குளோரின் இட்டுக் கொதிக்க வைத்துத் தூய்மை செய்து, சிறு துண்டுகளாக வெட்டிப் பொம்மைகளாகக் கட்டச் செய்தனர். கறை மட்டும் அப்படியே இருந்தது. அப்பொம்மைக்குச் 'சேக்குட்டி' என்று பெயரிட்டனர். சேற்றை வென்ற குழந்தை என்பது கருத்து. மாணவர்களும் பிற தொண்டர்களும் ஊர்தோறும் கூடியமர்ந்து பொம்மை கட்டினர்.

இதன் கணக்கை அங்கத்தினர்கள் உற்று நோக்க வேண்டுகிறோம். ஏறத்தாழ 1,300 ரூபாய் விலையுள்ள ஒரு சேலையிலிருந்து 360 பொம்மைகள் கிடைத்தன. ஒரு பொம்மை 25 ரூபாய். ஆக ஒரு சேலை 9,000 ரூபாய் ஈட்டியது. வந்த பணம் நெசவாளர்களைச் சேர்ந்தது. வாங்கியவர்கள் பிச்சையிடவில்லை, விலை கொடுத்துப் பொருள் வாங்கினர். கெட்டுப்போன சரக்கெல்லாம் இவ்வாறு விலைபோகும் என்பது நம் கருத்தன்று. துன்பமுற்ற தொழிலாளியை ஏற்பவனாக்காமல், விற்பவனாகவே நிறுத்திய முறையே நாம் கற்கத்தக்கது.

அந்நாட்டுச் சங்கங்களும் வாளாவிருக்கவில்லை. 'கேர் ஹோம்' என்னும் திட்டத்தின் கீழ், கேரளக் கூட்டுறவுச் சங்கங்கள் ஒன்றுகூடி, வீடிழந்தோருக்குச் சுமார் 2,000 வீடுகள் கட்டித் தந்தன. தனியொரு சங்கத்தால் ஆகாதது பல சங்கங்களின் சிறு தொகைகளால் ஆயிற்று. 'கூட்டுறவுகளிடையே கூட்டுறவு' என்பது 1966-இல் சர்வதேசக் கூட்டுறவு இணையம் வகுத்த கொள்கை. 'சமுதாயத்தின்பால் அக்கறை' என்பது 1995-இல் சேர்க்கப்பட்டது. ஏட்டில் உள்ள இவ்விரண்டும் அங்கே சுவராகவும் கூரையாகவும் எழுந்தன.

நாம் செய்யத்தக்கவை

1. பணம் கொடுப்போர், பாதிக்கப்பட்ட மாநிலத்தின் முதலமைச்சர் நிவாரண நிதி போன்ற ரசீது தரும் வழியிலேயே கொடுத்தல் வேண்டும். சங்கப் பணமாயின், துணை விதிகள் இடந்தரும் அளவில், பொதுக்குழுவின் தீர்மானத்துடன் கொடுத்தல் முறை.

2. நெசவாளர் சங்கங்கள், துன்பமுற்ற சங்கத்தின் செயலாளருக்கு எழுதிக் கேட்ட பிறகே கருவிகளை அனுப்புதல் நன்று. சேலத்துப் பட்டுத் தறியின் அச்சு அயலூர்ப் பருத்தித் தறிக்குப் பொருந்தும் எனக் கருதலாகாது. நூலாயின் எண்ணைக் கேட்டறிதல் வேண்டும்.

3. முன்பணத்துடன் கூடிய கொள்முதல் ஆணை மிகச் சிறந்த உதவி. அறுபது வேட்டிகளுக்கு ஓர் ஆணை சென்றால், அதைக் காட்டி அச்சங்கம் நூல் வாங்கலாம், தறியைச் செப்பனிடலாம், நெசவாளிக்குக் கூலியும் கொடுக்கலாம்.

4. மலை விவசாயிகள் காப்பி நாற்றுகளை அவசரப்பட்டு அனுப்பலாகாது. வேரில் ஒட்டிய மண்ணோடு நூற்புழு செல்லக்கூடும். முதலில் மண் நிலைபெற வேண்டும். பின்னர் நிழல் மரம். அதன் பின்னரே காப்பி. இதற்கு ஈராண்டு கழித்தும் உதவி தேவைப்படும். செய்தித்தாள்கள் மறந்த காலத்திலும் நினைத்திருப்பவரே உற்ற நண்பர்.

5. இடர் வருமுன்னரே ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையை இதற்கென ஒதுக்கி வைத்தல் நலம். வீடு வீடாகத் தண்டுவதற்குள் காலம் கடந்துவிடும்.

இவையெல்லாம் பிறர் பொருட்டு மட்டும் சொல்லப்பட்டவை அல்ல. 2024-ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலையொட்டிய கனமழையில் நம் ஏற்காட்டு மலைப்பாதையிலும் மண் சரிந்து போக்குவரத்து தடைப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி வயநாட்டு மேப்பாடிப் பகுதியில் ஊர்களையே புதைத்த சரிவும் நம் மலையைப் போன்ற தோட்ட நிலத்தில் நேர்ந்ததுதான். சேர்வராயன் கோயில் அமைந்த மேட்டிலிருந்து பார்த்தால் குடகும் வயநாடும் கண்ணுக்கு எட்டா. ஆனால் அங்கே பெய்யும் மழை இங்கேயும் பெய்யக்கூடியதே. அன்று நமக்கு வேண்டுவதும் பழந்துணி மூட்டையன்று. நம் துணியையும் காப்பியையும் நம்பி முன்பணம் அனுப்பும் ஒரு சங்கமே. அத்தகைய சங்கமாக முதலில் நாம் இருப்போம். வரும் பொதுக்குழுக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனை ஒரு பொருளாக எடுத்து விவாதித்து, ஆண்டு ஒதுக்கீட்டின் அளவை முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.