பண்ணை வீட்டுப் பந்தி

இத்தாலி என்றதும் உரோமையும் அசிசியும் லொரெத்தோவும் நம் நினைவிற்கு வரும். திருப்பயணம் செல்வோருள் மிகச் சிலரே அந்நாட்டின் தென்கோடியை எட்டுகின்றனர். வரைபடத்தில் காலணி போன்று தோன்றும் இத்தாலியின் குதிகாலே பூலியா மாநிலம். அங்கே ஒத்ராந்தோ நகரின் வேதசாட்சிகளை வணங்கச் சென்ற நாங்கள், அருகிலிருந்த பழைய பண்ணை வீடொன்றில் மூன்று நாள் தங்கினோம்.

இத்தகைய பண்ணை வீட்டை அங்குள்ளோர் 'மஸ்ஸேரியா' என்பர். வீடு என்பதைவிடச் சிறு கோட்டை என்பதே பொருந்தும். உயர்ந்த மதில், நடுவே முற்றம், அதனைச் சூழ்ந்து களஞ்சியம், தொழுவம், எண்ணெய்ச் செக்கு, ஒரு சிற்றாலயம். வாயிலுக்கு நேர் மேலே சுவரில் ஓர் இடைவெளி. கொள்ளையர் கதவை உடைக்க வந்தால் மேலிருந்து கல்லும் கொதிநீரும் கொட்டுவதற்காம்! வீண் அச்சமன்று அது. 1480ஆம் ஆண்டு துருக்கியப் படை கடல்வழி வந்து ஒத்ராந்தோவைக் கைப்பற்றியது. விசுவாசத்தை மறுக்க இசையாத எண்ணூறுக்கும் மேற்பட்ட ஆடவர் ஆகஸ்டு 14ஆம் நாள் தலை வெட்டுண்டனர். திருத்தந்தை பிரான்சிஸ் 2013ஆம் ஆண்டு மே 12 அன்று அவர்களைப் புனிதர்களாக அறிவித்தார். அவர்தம் எலும்புகளைப் பேராலயத்தில் கண்ணாடிக்குப் பின்னே கண்டோம். அதன்பின் நெடுங்காலம் கடற்கொள்ளையர் பயம் நீங்காமையால், பண்ணைகளும் அரண்களாயின.

முதல் நாள் இரவு எங்கள்முன் வைத்தது, உலர்ந்த பெரிய அவரைப் பருப்பைக் குழைய வேகவைத்து மசித்த கூழும், சற்றே கசக்கும் ஒரு கீரையும். அக்கீரை வேறொன்றுமன்று, நம் காப்பித்தூளில் கலக்கும் சிக்கரியின் இலையே. மேலே தாராளமாக ஒலிவ எண்ணெய். மறுநாள் 'பிரிசெல்லா' கிடைத்தது. இருமுறை சுட்டதால் கல்போல் இறுகிய வாற்கோதுமை ரொட்டி அது. நீரில் நனைத்து, தக்காளி தேய்த்து, உப்பும் எண்ணெயும் இட்டு உண்ண வேண்டும். பல் உறுதியுள்ளோர்க்கு ஏற்றது!

மூன்றாம் நாள் வந்த உணவே எங்களை வியப்பில் ஆழ்த்தியது. சிறு காது வடிவில் செய்த கோதுமைப் பண்டம், நிறமோ கறுப்பு. காரணம் வினவினோம். முற்காலத்தில் அறுவடை முடிந்ததும் வயலிலுள்ள தாளைக் கொளுத்துவர் என்றும், தீ அவிந்தபின் ஏழைகள் சாம்பலில் குனிந்து கருகிய மணிகளைப் பொறுக்கி மாவாக்குவர் என்றும் வீட்டு அம்மையார் விளக்கினார். ரூத்து போவாசின் வயலில் பொறுக்கியவையாவது நெருப்புப் படாத கதிர்கள். இன்றோ அந்த மாவுக்காகவே கோதுமையை வறுக்கின்றனர். சாதாரண மாவைவிட விலையும் அதிகம்.

ஆம், நாங்கள் சுவைத்தவை எவையும் பண்ணை முதலாளியின் உணவல்ல, கூலியாட்களின் உணவு. நற்செய்தியில் வரும் திராட்சைத் தோட்ட வேலையாட்களைப் போன்றே, அவர்கள் விடியலில் ஊர்ச் சதுக்கத்தில் நின்று, எவரேனும் வேலைக்கு அழைப்பாரா எனக் காத்திருந்தவர்கள். பெருநிலங்களைப் பகிர்ந்தளிக்கும் சட்டம் 1950இல்தான் வந்தது. நாங்கள் மெத்தையில் உறங்கிய அறையும் முன்னாளில் தொழுவமே. பயணிகளுக்கான வண்ணக் கையேடுகள் கோபுரத்தைப் புகழ்கின்றன; இதனை எழுதுவதில்லை. எழுதுதல் தகும்.

இவ்வீடு 'அக்ரித்துரிஸ்மோ' முறையில் நடைபெறுவது. 1985இல் இயற்றிய சட்டமும், அதற்குப் பதிலாக 2006இல் வந்த சட்டமும், உழவரே விருந்தினரை ஏற்க வேண்டும், உழவே முதன்மைத் தொழிலாயிருக்க வேண்டும் என விதிக்கின்றன. நல்ல விதிதான். ஆனால் இப்பகுதியில் அதனைக் காப்பது அரிதாகி வருகிறது. 2013இல் கல்லிப்போலி நகரருகே 'சைலெல்லா' என்னும் பாக்டீரியா ஒலிவ மரங்களில் கண்டறியப்பட்டது. சாறுறிஞ்சும் பூச்சியொன்று அதனைப் பரப்புகிறது, மருந்து இல்லை. இலட்சக்கணக்கான மரங்கள் பட்டுப்போயின. பண்ணைக்குப் பின்புறம், பல தலைமுறை கண்ட மரங்கள் இலையின்றி வெளிறி நிற்கின்றன. நோயைத் தாங்கும் 'லெச்சீனோ' வகைக் கன்றுகளை அவற்றிடையே நட்டிருக்கிறார்கள். இன்னும் இடுப்பளவே வளர்ந்துள்ளன. பந்தியில் எங்களுக்கு ஊற்றிய எண்ணெய், வடக்கே பாரி வட்டாரத்திலிருந்து விலைக்கு வாங்கியது.